ஒண்ணாம் நம்பர் ரூம் சுவரு

தேவிஸ்ரீ: கையைக் காட்டுங்க அங்கிள்.

ராமையா: எதுக்கு? ரேகை பாக்கப் போறியா?

தேவிஸ்ரீ: நகத்துக்குள்ள என்ன வெள்ளையா இருக்கு?

ராமையா: தோசை மாவு.

தேவிஸ்ரீ: இந்த ஹோட்டல்ல தோசையே கிடையாது.

ராமையா: அதையும் உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். காலையில பசியாற என்னா குடுத்தீங்க? லோரி டயர் அளவுக்கு ஒரு தட்டு. நடுவுல ஒரு முட்டை. அது மேல ரெண்டு இலை. அந்த இலையைத் தள்ளி முட்டையைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள மத்தியானமே ஆயிடும் போல.

செல்லாயி: தோசை மாவு இல்லம்மா அது. வெள்ளை சிமெந்து. நேத்து பூரா இவரு...

ராமையா: செல்லாயி.

செல்லாயி: என்ன செல்லாயி? சுவரு இந்தா நிக்குது, பால் கோப்பையைக் கழுவி வச்ச மாதிரி. இதை மடிச்சு இடுப்புல சொருகிக்கவா முடியும்? அந்தப் பொண்ணுக்குக் கண்ணு இல்லையா?

தேவிஸ்ரீ: ஆண்டி, நீங்களும் இந்த ரூம்லதானே இருந்தீங்க. தடுக்கலையா?

செல்லாயி: தடுத்தேன்மா. நல்லாத் திட்டித் தடுத்தேன். திட்டிக்கிட்டே கலவையும் குழைச்சுக் குடுத்துட்டேன். நாப்பது வருஷமா இவருக்குச் சித்தாள் வேலை பாத்தவ. கலவையைக் கண்டா கை தானாப் போயிடுது.

தேவிஸ்ரீ: கடவுளே...

ராமையா: என்னம்மா இப்ப ஆயிப்போச்சு? உரிஞ்சு கிடந்துச்சு. பூசிட்டேன். ஓசியாத்தானே பூசினேன்? கூலியா கேட்டேன்? மேனேஜர்னா வந்து ஒரு வாய் நன்றி சொல்லிட்டு, ஒரு கோப்பி வாங்கிக் குடுக்கணும்.

தேவிஸ்ரீ: நன்றியா? அங்கிள், இந்த ஹோட்டல்ல மொத்தம் ஒம்போது ரூம். எட்டு ரூமை யாரும் கேக்குறதில்ல. ஃபோன் பண்றவங்க எல்லாம் 'அந்தச் சுவரு இருக்கிற ரூம்'னுதான் கேப்பாங்க. சிங்கப்பூர்லேர்ந்து வாராங்க. தைவான்லேர்ந்து வாராங்க. அந்தச் சுவரு முன்னாடி கல்யாண போட்டோ எடுக்க மூணு மாசம் காத்துக்கிட்டு இருக்காங்க. நேத்து ஒரே ஒரு நாள் நான் கோலாலம்பூருக்கு மீட்டிங் போனேன். ஒரே நாள். திரும்பி வந்து பாத்தா கிளினிக் சுவரு மாதிரி நிக்குது.

ராமையா: கிளினிக்னா சுத்தம்லா. நல்ல வார்த்தைதானே.

தேவிஸ்ரீ: சிரிக்காதீங்க. எனக்கு வர்ற கோவத்துக்கு...

ராமையா: உனக்கு மட்டுந்தான் கோவம் வருமா? எனக்கு வராதா? வா இங்க. வந்து இதைப் பாரு. குளியலறைக்குக் கதவு எங்க?

தேவிஸ்ரீ: அது ஓப்பன் டிசைன் அங்கிள்.

ராமையா: நான் பொறந்தது கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்துல. லயத்து வீடு. பொம்பளைங்க குளிக்கிற எடத்துக்கு ஒரு கதவு வேணும்னு எங்கப்பா தலைமையில நூத்தம்பது பேரு துரை பங்களா முன்னாடி மூணு நாளு உக்காந்தாங்க. மூணு நாளு. சோறு தண்ணி இல்லாம. கடைசியில துரை ஒரு தகரத்தைக் குடுத்தான். அந்தத் தகரத்துக்குத் தேங்காய் உடைச்சோம். இங்க என்னடான்னா, இருந்த கதவைக் கழட்டி வீசிட்டு, 'கதவு இல்லாம இருக்குது பாருங்க, எவ்வளவு அழகு'ன்னு வாசல்ல நின்னு கும்பிடுறீங்க.

செல்லாயி: நூத்தம்பது பேரு இல்லம்மா. எட்டுப் பேரு. ஒரு மத்தியானம் உக்காந்தாங்க. மழை வந்துச்சு, எந்திரிச்சுப் போயிட்டாங்க. தகரம் அடுத்த வருஷந்தான் வந்துச்சு.

ராமையா: நீ அப்ப அந்தத் தோட்டத்துலயே இல்ல.

செல்லாயி: உங்கம்மா சொன்னாங்க. ஆனா கதவு விஷயத்துல இவரு சொல்றது ஞாயம்மா. நேத்து நான் குளிக்கிற வரைக்கும் இவரைக் கீழ ரோட்டுல போய் நிக்கச் சொன்னேன்.

தேவிஸ்ரீ: அதெல்லாம் அப்புறம் பேசலாம். மணி இப்ப எட்டே கால். பதினோரு மணிக்குப் பயணப் பத்திரிகைக்காரங்க வாராங்க, மூணு பேரு. இந்த வருஷம் எந்தச் சின்ன ஹோட்டலுக்கு விருதுன்னு அவங்கதான் முடிவு பண்றாங்க. அவங்க பாக்க வாரதே இந்த ஒரு சுவரை.

ராமையா: வந்து பாக்கட்டும். மட்டப் பலகை வச்சுக் கூடப் பாக்கட்டும். ஒரு நூலு கோணல் இருந்தா என் காதை அறுத்துக்கோ.

தேவிஸ்ரீ: உங்களுக்குப் புரியல. இது எங்க ஐயா, அதாவது என்னைப் பெத்த அப்பச்சியோட அப்பா, வாங்கின கட்டடம். அப்பச்சிக்கு ஹோட்டல்லயே விருப்பம் இல்ல. 'இந்த வருஷக் கடைசி வரைக்கும் உனக்கு டைம். அதுக்குள்ள பேரு எடுக்கலைன்னா சன்னல் எல்லாத்தையும் செங்கல் வச்சு அடைச்சு, கூடு கட்டுற குருவிக்கு விட்டுருவேன்'னு சொல்லிட்டாரு. சூப்பு வைக்கிறதுக்குக் குருவிக் கூட்டை விக்கிற ஆளுகூட வந்து அளந்துட்டுப் போயாச்சு. இந்த ரூம்ல குருவி சத்தம் போடுற ஸ்பீக்கரை எங்க மாட்டுறதுன்னு என்கிட்டயே கேக்குறான்.

செல்லாயி: அட பாவமே. குருவிக்கா?

தேவிஸ்ரீ: பதினஞ்சு பேரு இங்க வேலை பாக்குறாங்க ஆண்டி. கோகிலன் அண்ணனுக்கு மூணு பிள்ளைங்க. பொட்டி தூக்கிக்கிட்டு மாடி ஏறுறாரே, அவருதான்.

செல்லாயி: தெரியும் தெரியும். முந்தாநாளு எங்க பொட்டியையும் அவருதான்...

ராமையா: செல்லாயி, கோப்பி ஆறிடப் போவுது. குடி.

தேவிஸ்ரீ: இருங்க. இப்பத்தான் ஞாபகம் வருது. முந்தாநாள்லேர்ந்து கோகிலன் அண்ணன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாரு. 'ஒண்ணாம் நம்பர்க்காரங்க பொட்டியில கல்லு வச்சிருக்காங்க மேடம்'னு சொன்னாரு. நான் சிரிச்சேன். அது கல்லு இல்ல. என்ன அங்கிள்?

ராமையா: வேட்டி, சட்டை...

தேவிஸ்ரீ: சிமெந்து மூட்டை.

ராமையா: அரை மூட்டைதான்.

தேவிஸ்ரீ: அப்படின்னா உரிஞ்சு கிடக்கேன்னு பாவப்பட்டுப் பூசல. பூசுறதுக்குன்னே ரூம் எடுத்திருக்கீங்க. வீட்டுலேர்ந்தே சிமெந்து, கொத்துக் கரண்டி எல்லாம் கட்டி எடுத்துக்கிட்டு வந்து, வாசல்ல 'தொந்தரவு செய்யாதீர்'னு அட்டையை மாட்டிட்டு...

செல்லாயி: அந்த அட்டை வடிவா இருந்துச்சும்மா. பிரம்புல பின்னி.

தேவிஸ்ரீ: ஆண்டி, நீங்க சும்மா இருங்க. யாரு அனுப்பினா உங்களை? அந்தக் குருவிக்காரனா? எங்க அப்பச்சியா?

ராமையா: என்னை யாரும் அனுப்பல. நான் எவன்கிட்டயும் கைநீட்டி வாங்குற ஆளு இல்ல.

தேவிஸ்ரீ: அப்ப ஏன்? சொல்லுங்க. இல்லைன்னா நான் போலீஸைக் கூப்பிடுவேன். வயசானவருன்னு பாக்க மாட்டேன்.

ராமையா: கூப்பிடு. 'சார், இந்த ஆளு சுவத்துக்கு நல்லா பூச்சு போட்டுட்டான்'னு புகார் குடு. அவங்க ஸ்டேஷன்லயே ரெண்டு சுவரு உரிஞ்சு கிடக்கு. என்னை விடவே மாட்டாங்க.

தேவிஸ்ரீ: பேச்சை மாத்தாதீங்க. சரி, காரணத்தை அப்புறம் கேக்குறேன். எடுத்துட்டுப் போன சுவரை முதல்ல திருப்பிக் குடுங்க. இது பழைய பூச்சுக்கு மேலேயே போட்டதுதானே? அடியில பழசு இருக்குதானே?

ராமையா: இருக்கு. கொத்தி எடுத்துட்டுத்தான் பூசியிருக்கணும். தட்டினா உங்க ஆளுங்களுக்குச் சத்தம் கேட்டுருமேன்னு மேலேயே இழுத்துட்டேன். தப்பான வேலைதான். இன்னும் பச்சையாத்தான் இருக்கு.

தேவிஸ்ரீ: அப்ப உரிச்சுடலாம். கோகிலன் அண்ணனைக் கூப்பிடவா?

ராமையா: கூப்பிட்டுப் பாரு. உங்க ஆளுங்க கை வச்சா, புதுசோட சேர்ந்து பழசும் வரும். அதுக்கு அடியில இருக்கிற செங்கல்லும் வரும். அப்புறம் பக்கத்துக் கடைக்காரன் இங்க வந்து படுத்துக்குவான்.

தேவிஸ்ரீ: நீங்க உரிச்சா?

ராமையா: நான் உரிச்சா புதுசு மட்டும் வரும். ஈரத்துணி போட்டு, ஓரத்துலேர்ந்து தூக்கணும். ரெண்டு மணி நேர வேலை.

தேவிஸ்ரீ: அப்ப உரிங்க.

ராமையா: மாட்டேன்.

தேவிஸ்ரீ: அங்கிள்...

ராமையா: மாட்டேன்னா மாட்டேன்லா. வெட்டிப் போட்டாலும் மாட்டேன்.

தேவிஸ்ரீ: இந்தச் சுவரு உங்களுக்கு அப்படி என்ன பண்ணுச்சு? வெறும் சுவரு. போன மாசம் தைவான்லேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, ஒண்டியா. ரெண்டு நாளு வெளியவே போகல. கெல்லி கோட்டை, குகைக் கோயில், எதுவும் வேணாம்னுட்டாங்க. அந்த நாற்காலியில உக்காந்து சுவரையே வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கெளம்பும்போது சொன்னாங்க, பெரிய ஹோட்டல்ல காலையில கண்ணு முழிச்சா எந்த ஊருல இருக்கேன்னே தெரியாதாம், எல்லா ஊருலயும் அதே படுக்கை, அதே கம்பளம். இங்க முழிச்ச உடனே ஈப்போன்னு தெரியுதாம். இந்தப் பக்கம் ஒரு கப்பல் தெரியுது, அதுக்குக் கீழ ஒரு பொம்பள நிக்கிறான்னு சொன்னாங்க. நீங்க அந்தக் கப்பல் மேலேயே சிமெந்து அடிச்சிருக்கீங்க.

ராமையா: கப்பலும் இல்ல, பொம்பளயும் இல்ல. உரிஞ்ச பூச்சு அது.

தேவிஸ்ரீ: பாக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

ராமையா: அதான் கட்டிலுக்குப் பக்கத்துல கார்டு எழுதி வச்சிருக்கீங்களே. எடு அதை. படி.

தேவிஸ்ரீ: எதுக்கு இப்ப...

ராமையா: படிம்மா.

தேவிஸ்ரீ: 'நூறு ஆண்டு கண்ட சுண்ணாம்புச் சுவர். பெயர் தெரியாத ஒரு தமிழ்க் கைவினைஞரின் கைகள் பூசி, காலம் மெல்ல மெல்ல உரித்து எடுத்த ஓவியம். இவ்வறையைத் தேடி வரும் பூனைகளும் அதன் அழகில் மயங்கியவையே.'

ராமையா: நூறு வருஷம் இல்ல. நாப்பத்தேழு. சுண்ணாம்பு இல்ல, சிமெந்து. காலமும் மெல்ல மெல்ல உரிக்கல, பூசின மூணாவது மாசமே உரிஞ்சு விழுந்துச்சு. அப்புறம் அந்தப் பேரு தெரியாத ஆளு... பேரு தெரியும். ராமையா. வயசு அப்ப பத்தொம்போது.

செல்லாயி: உக்காரும்மா. அந்த நாற்காலியில உக்காராதே, அது சரிஞ்சுக்கிட்டே போவுது. கட்டில்ல உக்காரு.

தேவிஸ்ரீ: நீங்க பூசினதா?

ராமையா: உங்க ஐயா, உடையப்ப செட்டியாரு, எங்க இராமசாமி மேஸ்திரிகிட்ட குடுத்த வேலை. என் முதல் தனிச் சுவரு. ஆத்து மணல் எடுத்தாரச் சொன்னாரு, நான் போய்க் கொண்டாந்த மணல் சரியில்ல. உப்பு மணல். சிமெந்துல உப்பு சேர்ந்தா சுவரு வேர்க்கும், பொரியும், செதில் செதிலா விழும். அதோட அது சாதா உப்பு மணலும் இல்ல. கடல் பக்கம், ஹுத்தான் மெலிந்தாங்குல கருவாடு காயப் போடுற களத்து மணல். பூசி ஒரு வாரத்துல ஈப்போ டவுன்ல இருந்த பூனை அத்தனையும் வரிசையில நின்னு சுவரை நக்குச்சு. நானூறு பூனை இருக்கும்.

செல்லாயி: ஆறு.

ராமையா: உங்க ஐயா மாடி ஏறி வந்தாரு. ஒரு வார்த்தை பேசல. கைத்தடியால சுவரை லேசாத் தொட்டாரு. ஒரு ஆளு உயரத்துக்குப் பொத்துனு விழுந்துச்சு. மேஸ்திரி அங்கேயே என்னை அறைஞ்சு வேலையை விட்டு அனுப்புனாரு. அன்னைலேர்ந்து கோப்பெங்ல நான் 'மாசின் ராமையா'. மாசின்னா மலாய்ல உப்பு. உப்பு ராமையா. அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் பூசினேன், கோயில் பூசினேன், ஈப்போவுல பாதி வீடு நான் பூசினது. ஒண்ணும் உரியல. ஆனா பேரு? மாசின். என் மவ கல்யாணப் பத்திரிகையை வாங்கிட்டு 'யாரு, மாசின் மவளா?'ன்னு கேட்டானுங்க.

தேவிஸ்ரீ: அங்கிள், எனக்கு இது...

ராமையா: கேளு. எல்லாம் அடங்கிப் போச்சு. மாசின்னு கூப்பிட்டவனுங்க பாதிப் பேரு போய்ச் சேர்ந்துட்டானுங்க. போன மாசம் எங்க ஊரு கார்த்திகேசு கோப்பிக் கடைக்குப் பேப்பரைத் தூக்கிட்டு வாரான். வெள்ளைக்காரன் ஒருத்தன் இந்தச் சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு நிக்கிறான், அரைப் பக்கத்துக்குப் போட்டோ. 'மாசின், உன் வண்டவாளம் உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு'ன்னு கடையே சிரிக்குது. அன்னைக்கு முடிவு பண்ணேன். சாவுறதுக்குள்ள அதை மூடணும்னு. ஒரு மனுஷன் செஞ்ச தப்பைச் சட்டம் போட்டு, விளக்கு போட்டு, அது பக்கத்துல படுத்துத் தூங்குறதுக்கு ஆளு கூட்டியாறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?

தேவிஸ்ரீ: எனக்கு எப்படித் தெரியும்? கார்டு எழுதினது டிசைனர்.

ராமையா: எழுதினவன் பொய்யன். அதைக் கட்டில் பக்கத்துல வச்சவ நீ.

தேவிஸ்ரீ: ஆமா. பொய்தான். போதுமா? நூறு வருஷம் பொய்னு எனக்கும் தெரியும்.

செல்லாயி: தெரியுமா?

தேவிஸ்ரீ: ஹோட்டல் தொறக்குறதுக்கு முன்னாடி இந்தச் சுவத்தை நாங்களும் பூசினோம் ஆண்டி. மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு மாசத்துல மேல போட்டது அப்படியே கழண்டு விழுந்துச்சு. திறப்பு விழாவுக்கு நாலு நாளு இருக்கு. நான் டிசைனர் முன்னாடி உக்காந்து அழுதேன். அந்த ஆளு சுவத்தை ஒரு சுத்து பாத்துட்டு, 'விடுங்க, இதுதான் டிசைன்'னுட்டாரு. மேல விளக்கு மாட்டினாரு. கார்டு எழுதினாரு. அப்பச்சிக்குக்கூட இது தெரியாது. நேத்துப் பூசினதும் ஒரு மாசத்துல தானா விழுந்துரும் அங்கிள். ஆனா எனக்கு ஒரு மாசம் இல்ல. பதினோரு மணிக்குள்ள வேணும்.

ராமையா: மூணு தடவையா?

தேவிஸ்ரீ: மூணாவது தடவை செஞ்சவரு பினாங்குலேர்ந்து வந்த ஆளு. பத்து வருஷ உத்தரவாதம் குடுத்தாரு. பதினெட்டு நாள்ல விழுந்துச்சு.

ராமையா: பதினெட்டு நாளா. என்னது தொண்ணூறு நாளு நின்னுச்சே.

செல்லாயி: இதுல ஒரு பெருமை இந்த மனுஷனுக்கு.

தேவிஸ்ரீ: அங்கிள், நான் கெஞ்சல. கோவத்துலதான் கேக்குறேன். நீங்க இதை உரிச்சுக் குடுங்க. இந்தக் கார்டை இப்பவே கிழிச்சுடுறேன். உண்மையை எழுதி வைக்கிறேன். நாப்பத்தேழு வருஷம். ராமையா. பத்தொம்போது வயசு. முதல் சுவரு. உப்பு மணல். ஒண்ணையும் மறைக்கல. பத்திரிகைக்காரங்க வந்தா நீங்களே நின்னு சொல்லுங்க. 'தப்பாப் பூசினேன், அதுக்கப்புறம் பாதி ஈப்போவை நல்லாப் பூசினேன்'னு சொல்லுங்க.

ராமையா: நானே சொல்லணுமா?

தேவிஸ்ரீ: கார்த்திகேசு சொல்றதைவிட நீங்க சொல்றது மேல் இல்லையா?

ராமையா: செல்லாயி, அந்த வாளியில தண்ணி பிடி. துண்டு ரெண்டு நனைச்சுப் போடு.

செல்லாயி: அந்தக் குழாயை எப்படித் தொறக்குறதுன்னே இன்னும் தெரியல எனக்கு.

தேவிஸ்ரீ: அது முன்னாடி கையை ஆட்டணும் ஆண்டி. தள்ளுங்க, நான் பிடிக்கிறேன்.

ராமையா: கரண்டியைக் குடு. ஈரம் ஊறட்டும்... ஊறட்டும்... இந்தா, பாத்தியா? ஓரம் தூக்குது. எட்டிப் போ பாப்பா, பட்டுச் சேலையில விழும்.

தேவிஸ்ரீ: பழசு தெரியுது... தெரியுது அங்கிள். மெதுவா. நீங்க உரிங்க, நான் கார்டை எழுதுறேன். 'ஆற்று மணல் எடுத்து வர அனுப்பப்பட்ட பத்தொன்பது வயது ராமையா...' ஏன் ஹுத்தான் மெலிந்தாங் போனீங்க? ஆத்து மணல் கோப்பெங் பக்கத்துலயே இருக்குமே.

ராமையா: லோரி வழி தவறிப் போச்சுன்னு எழுது.

தேவிஸ்ரீ: நாப்பது மைலுக்கு மேலயா தவறும்?

ராமையா: சோம்பேறித்தனம்னு எழுது. பய சோம்பேறின்னு எழுதிக்கோ. என் பேரோட போகட்டும்.

செல்லாயி: அப்படி எழுதாதேம்மா.

ராமையா: செல்லாயி, துண்டைப் பிழி.

செல்லாயி: நாப்பத்தேழு வருஷமா துண்டைப் பிழி, கோப்பி குடி, கதவைச் சாத்து. இந்தப் பேச்சு வந்தாலே எதையாவது சொல்லி என் வாயை அடைச்சுடுறாரும்மா. இன்னைக்கு அடைக்க விடமாட்டேன். என் சொந்த ஊரு ஹுத்தான் மெலிந்தாங். அந்தக் கருவாட்டுக் களத்துலதான் எங்கப்பா வேலை செஞ்சாரு. இவரு மணல் எடுக்குறேன்னு லோரியைக் கேட்டு வாங்கிட்டு என்னைப் பாக்க வந்தாரு. பேசிக்கிட்டே இருந்து பொழுது போயிடுச்சு. வெறும் லோரியோட திரும்புனா மேஸ்திரி தோலை உரிச்சுடுவாருன்னு பயந்து நின்னாரு. எங்கப்பா படகுத்துறையிலேர்ந்து வர்ற நேரம். இவரைக் கண்டா வெட்டிப் போட்டுருவாரு. நான்தான் மம்பட்டியை எடுத்துக் களத்து மணலை அள்ளி அள்ளி லோரியில கொட்டினேன். 'உப்பு இருக்குமே செல்லாயி'ன்னாரு. 'மழையில கழுவிப் போச்சு, நல்ல மணல்தான், கெளம்புங்க'ன்னேன். பொய்யி. ஒரு மாசமா மழையே பெய்யல. ஊரே இவரை மாசின்னு கூப்பிடும்போது நான் பக்கத்துல உக்காந்து வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நான் சொன்னதை நம்பி ஏமாந்த மனுஷன்மா இவரு. எழுது, மணல் குடுத்தது செல்லாயின்னு எழுது.

ராமையா: எவன் நம்பினான்? லோரியில ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சுப் பாத்துட்டேன், நல்லா கரிச்சுது. வேர்த்து ஊத்த ஊத்த நீ அள்ளிப் போட்ட மணலை, உன் கண்ணு முன்னாடியே திருப்பிக் கொட்டிட்டா போவ முடியும்?